பக்ளிங்: துவள்வதா, நெளிவதா?

எஃகுக் கட்டடம் பற்றிப் பேசினால் 'பக்ளிங்' என்ற சொல் வராமல் இருக்காது. தமிழில் பலரும் அதை 'வளைதல்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உத்திரத்தின் மேல் பாரம் வைத்தால் அது வளையும். பாரம் கூடக் கூட வளைவும் கூடும். பக்ளிங் அப்படியல்ல. தலையில் ஏறும் சுமையை நேராக நின்று தாங்கும் தூண், ஓர் எல்லை தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் பிதுங்கி மடிந்துபோகும். பிளாஸ்டிக் அளவுகோலை மேசைமேல் நிமிர்த்தி, உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், தெரியும்.

சொல்லின் வேர் லத்தீன். 'புக்கா' என்றால் கன்னம். 'புக்குலா' தலைக்கவசத்தின் கன்னப்பட்டை. பிரெஞ்சில் அது கேடயத்தின் நடுக்குமிழையும் குறித்தது. புடைத்துக்கொள்வது என்ற வினைப்பொருள் அந்த வழியாக வந்ததுதான். ஆக, பெல்ட்டின் பக்கிளும் இதே குடும்பம்.

தூணின் கணக்கை 1744இல் கணித மேதை ஆய்லர் போட்டார். நீளம் இருமடங்கானால் தாங்கும் சுமை கால்பங்காகிவிடும். அவர் சூத்திரத்தில் எஃகின் வலிமைக்கு இடமே இல்லை, மீள்தன்மைக்குத்தான், அதாவது பாரத்துக்கு வளைந்துகொடுக்காமல் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதற்குத்தான் இடம். மீள்தன்மையோ எல்லா ரக எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஒல்லியான நெடிய தூணுக்கு விலை உயர்ந்த எஃகு வாங்கிப் பயனில்லை. நடுவில் பக்கவாட்டில் ஒரு தாங்கல் கொடுத்தால் அதே தூண் நான்கு மடங்கு தாங்கும்.

1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவில், கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் விழுந்து 75 பேர் இறந்தார்கள். அழுத்தம் தாங்கும் கீழ் உறுப்புகள்தான் முதலில் பக்ளிங் ஆகிச் சரிந்தன. அவை நேர்கோட்டிலிருந்து விலகியது சில நாள் முன்பே கண்ணில் பட்டிருந்தது, வேலை நிற்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நெடிய தூணுக்குத் 'துவளல்' அழகாகப் பொருந்தும். ஒல்லியானது சுமை தாளாமல் ஒசிவதைத் துவள்வது என்றுதான் சொல்கிறோம். மெல்லிய தகடு ஓரிடத்தில் மட்டும் அலையலையாய்ப் புடைத்தால் அது 'நெளிசல்'. அடிபட்ட பாத்திரத்துக்கு வீட்டில் சொல்கிற அதே சொல். ஆங்கிலத்தில் அடைமொழி சேர்த்துப் பிரிக்க வேண்டியதை இங்கே இரண்டு சொற்களே பிரித்துவிடுகின்றன.

அப்புறம், பக்கத்தாங்கல் இல்லாத உத்திரம் ஒரு புறம் சாய்ந்து முறுக்கிக்கொள்வதும் உண்டு. அதற்கு 'முறுக்குத் துவளல்' என்று வைக்கலாம். நீளம்தான், ஆனால் 'லேட்டரல் டார்ஷனல் பக்ளிங்' என்ற ஆங்கிலப் பெயர் இதைவிட நீளம்.