கத்தரியைக் கீழே வைக்கச் சொன்ன படம்

2014ஆம் ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில், மூணாறில் ஒரு தங்கும் விடுதியின் விளம்பரத்துக்காகத் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா தலையில் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் கொங்காணியும், இடுப்பைச் சுற்றித் தார்ப்பாய்த் துண்டும் கட்டியிருந்தார். வெட்டுகிற கொழுந்து தானாக விழுந்து சேரும்படி பெட்டி பொருத்திய கத்தரி அவர் கையில் இருந்தது. விடுதிக்காரர்கள் எதிர்பார்த்த காட்சி வேறு என்பதால், கொங்காணியை எடுத்துவிட்டு, தார்ப்பாயை அவிழ்த்து, கத்தரியைக் கீழே வைத்து, விரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுமாறு கேட்டுக்கொண்டேன். தம்பி கேட்கிறானே என்று அவரும் செய்தார். அரை மணி நேரம் கழித்து, மேகம் விலகி வெயில் விழுந்தபோது அவர் சிரித்தார், படம் அமைந்துவிட்டது.

சில மாதங்களில் அது ஒரு பெரிய விளம்பரப் பலகையில் ஏறியது. கடைவீதியில் என்னைக் கண்ட அவர் நிறுத்திச் சொன்னார்: “மொகம் நல்லாத்தான் விழுந்திருக்கு தம்பி. ஆனா அதுல நான் வேல செய்யலியே. கத்தரி இல்லாம எந்தக் காட்டுல இப்பக் கொழுந்து எடுக்காங்க? அன்னிக்கு எனக்கு அஞ்சாறு கிலோ கொறஞ்சு போச்சு.” காடு என்று அவர் சொன்னது தேயிலைத் தோட்டப் பகுதியை. குறைந்தபட்ச அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு உண்டு என்பது எனக்குத் தெரியாததன்று. படம் எடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்தப் படத்தில் பொய் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. செடியும் வெயிலும் உண்மை, சிரிப்பும் உண்மை. ஆனால் நான் அகற்றச் சொன்ன கொங்காணிதான் மழையைச் சொல்லும். தார்ப்பாய்தான் நாளெல்லாம் ஈரச் செடியில் உரசும் உடம்பைச் சொல்லும். கத்தரிதான் கிலோ கணக்கைச் சொல்லும். அவை போனதும் உழைப்பு போய்விட்டது, பார்ப்பவருக்கு ஓய்வு மட்டுமே தெரிந்தது. சுற்றுலாப் படங்களை எடுப்போரும் பகிர்வோரும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: சட்டகத்துக்குள் எதை வைக்கிறோமோ அதைவிட, எதை வெளியே தள்ளுகிறோமோ அதுவே பெரும்பாலும் படத்தின் பொருளைத் தீர்மானிக்கிறது.

மறு ஆண்டு, 2015 செப்டம்பரில், 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு மூணாறுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களுடைய அமைப்பின் பெயர் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. விளம்பரங்களில் சிரித்த அதே பெண்கள் முழக்கமிடும் முகங்களோடு செய்திப் படங்களில் வந்தபோது, வெளியூர் நண்பர்கள் பலர், “இவ்வளவு அமைதியான ஊரில் இப்படியா?” என்று என்னிடம் வியந்தார்கள். அந்த வியப்பை அவர்களுக்குள் விதைத்ததில் என்னைப் போன்றவர்களின் படங்களுக்கும் பங்கு உண்டு.

நாம் நிற்கும் இடமும் பொருளை மாற்றும். எதிர்ச்சரிவில் வெகு தொலைவில் நின்று, 200 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, எடுத்தால், அதன் கூரை வரிசை மலையின் மேல் சாய்ந்துகிடப்பது போலத் தோன்றும். மலை நெருங்கி வந்ததாகக் காட்டுவது லென்ஸின் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நாம் நிற்கும் தொலைவுதான் காரணம், லென்ஸ் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தருகிறது, அவ்வளவே. மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியின் லயங்களை மூடுபனிக்கு நடுவே நான் அப்படித்தான் எடுத்து, ‘மலையின் மடியில்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தேன். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு அந்தச் சரிவு இடிந்து லயங்களின் மேல் விழுந்து, 70 பேர் போனார்கள். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்தத் தலைப்பை மட்டும் என்னால் அதன்பின் வாசிக்க முடியவில்லை. இப்போது அதன் கீழே இடப்பெயரும், அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்பதும், எடுத்த மாதமும், அந்த இரவின் தேதியும் இருக்கின்றன. தலைப்பு என்பது படத்தில் பாதி என்று பயிற்சிக்கு வருவோரிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொழிலின் பெரிய பெயர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ், நெட்டை வடிவ அட்டைக்குள் அடக்குவதற்காக கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. அதே இதழின் 1985 ஜூன் அட்டையில் உலகமே பார்த்த ஆப்கானியச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல்தான் தெரியவந்தது. அதுவரை அவர் அந்தப் படத்தைப் பார்த்ததுகூட இல்லை. நம் மலையில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் இதே கதிதான். அதன் நிறம் வெளிறிய ஊதா கலந்த நீலம். கைப்பேசியில் நிறத்தை ஏற்றி ஏற்றிப் பகிர்ந்த படங்களை நம்பி 2018இல் வந்தவர்கள், இல்லாத ஒரு நீலத்தைத் தேடி ஏமாந்து திரும்பினார்கள். அடுத்த பூப்பு 2030இல். அப்போதாவது பூவை அதன் நிறத்திலேயே காட்டுவோம்.

மூணாறுக்கு வரும் நம் மக்களிடம் ஒரு வேண்டுகோள். லயத்தின் வாசல் நேரே நடைபாதையில் திறக்கும். துணி உலர்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். சென்னையிலோ கொச்சியிலோ ஓர் அடுக்குமாடி வீட்டுக் கதவருகே நின்று உள்ளே கேமராவை நீட்டமாட்டோம். இங்கும் அது ஒரு குடும்பத்தின் வீடுதான். பேசிவிட்டு, கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். வேலை நடக்கும்போது எவரையும் நிறுத்தாதீர்கள், எதையும் நகர்த்தச் சொல்லாதீர்கள்.

அந்த அக்கா பணி ஓய்வு பெற்றபோது, வேலையோடு சேர்ந்த லயத்து வீட்டையும் விட்டு, சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்பினார். போகுமுன் ஸ்டூடியோவுக்கு வந்து தன் படம் ஒன்று வேண்டும் என்றார். பலகையில் ஏறிய படத்தை எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று ஒதுக்கினார். அன்றைக்கு வெளிச்சம் பார்ப்பதற்காக முதலில் எடுத்த ஒன்று கணினியில் இருந்தது. கொங்காணியின் ஓரத்தில் மழைநீர் சொட்டுகிறது; கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் கத்தரியைப் பிடித்திருக்கின்றன; பார்வை என்மேல் இல்லை, செடியின்மேல் இருக்கிறது. அதைக் காட்டி, இதைப் போட்டுக் கொடு என்றார். பிரதி எடுத்துக் கொடுத்ததும் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“பின்னால எட்டாம் நம்பர் காடுன்னு எழுது தம்பி. வருசமும் போடு. பேரப்புள்ளைகளுக்குத் தெரியணும்லா.”