கல்லா கம்ப்யூட்டரும் கேமராவும் ஒரே சுவிட்சிலா?

சிறு நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். முதலில் இன்டர்நெட் இணைப்போடு வந்த ரவுட்டர் ஒன்று இருக்கும். ஆள் கூடியதும், கம்ப்யூட்டர்களை வயரில் இணைக்க, எட்டு போர்ட் (வயர் செருகும் துளை) உள்ள சுவிட்ச் என்ற பெட்டி ஒன்று வரும். சிசிடிவி மாட்ட வந்தவர் கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரைக் காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டுப் போயிருப்பார். பின் அறையில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சொருகியிருப்பார்கள். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பிறகு ஒரு நாள், நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் எங்களுக்கு போன் வரும்: "பிரிண்டர் பாதிப் பேருக்குத்தான் வேலை செய்யுது." போய்ப் பார்த்தால் காரணம் அநேகமாக அந்தப் பழைய ரவுட்டர்தான். அதுவும் தன் பங்குக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அடையாளம் காட்டும் எண், கொடுத்துக்கொண்டிருக்கும். எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் முகவரியைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். சிலதுக்கு 192.168.1 வரிசை, சிலதுக்கு 192.168.0 வரிசை. பிரிண்டர் முதல் வரிசையில் இருக்கும். இரண்டாவது வரிசைக்காரர்களுக்கு அது கண்ணில் படாது. பழைய ரவுட்டரில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, வேறு யாருக்கும் போகாத முகவரி ஒன்றைக் கொடுத்து, வைஃபை மட்டும் தரும் வெறும் அக்சஸ் பாயின்ட்டாக மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. யார் எதைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும் நெட்வொர்க்கில், திருடன் செருகினாலும் அதே வரவேற்புதான்.

அதனால் நான் முதலில் கேட்பது பட்டியல். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய், என்னென்ன இணைந்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரே அது யாருடையது என்று எழுத வேண்டும். முதலாளி சொல்லும் கணக்கைவிட அது எப்போதும் நீளமாகவே இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் போன், வருகைப் பதிவு மெஷின், டிவி எல்லாம் வரும். யாருடையது என்றே தெரியாத பெட்டி இருந்தால் கழற்றி வையுங்கள். சத்தம் போடுகிறவர்தான் சொந்தக்காரர்.

அடுத்தது பிரிப்பது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பிடித்துக்கொண்டவற்றில் பெரும்பகுதி கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் 60 சொச்சத்தை வைத்தே அத்தனைக்குள்ளும் நுழைந்தது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றை டைன் என்ற டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவை) நிறுவனத்தின் மேல் ஏவிவிட, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. உங்கள் டிவிஆர் இப்படிப் பிடிபட்டால், அடுத்த போர்ட்டில் இருப்பது கணக்கு கம்ப்யூட்டர். உள்ளே பரவுவது எவ்வளவு சுலபம் என்பதை 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல், காட்டியது. யாரும் எந்த லிங்க்கையும் தட்டாமலேயே ஃபைல் பகிர்வு வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது.

செட்டிங்ஸ் மாற்ற முடிகிற மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றும், விலேன் (ஒரே நெட்வொர்க்கைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் முறை) புரிந்த ரவுட்டர் ஒன்றும் இருந்தால் ஒரே வயரிங்கில் தனித்தனிப் பகுதிகள் அமைத்துவிடலாம். அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்று, கேமராவுக்கும் வருகைப் பதிவு மெஷினுக்கும் ஒன்று, வந்து போகிறவர்களின் வைஃபைக்கு ஒன்று. அப்புறம் இவற்றுக்கு நடுவே என்ன போகலாம் என்பதை, போக்குவரத்தை அனுமதிக்கவும் தடுக்கவும் செய்யும் ஃபயர்வாலில் எழுத வேண்டும். விருந்தினருக்கு இன்டர்நெட் மட்டும். கேமரா தானாக வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. பல இடங்களில் விலேன் போட்டுவிட்டு, "வேலை நிற்கக் கூடாது" என்று எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் திறந்துவிடுகிறார்கள். அதற்குப் பழைய சுவிட்சே போதுமே!

முதலாளி மொபைலில் கேமரா பார்க்க வேண்டும் என்பார், நியாயம்தான். வீட்டிலிருந்து கணக்கு பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் வேண்டும் என்பார், அதுவும் நியாயம். இரண்டுக்கும், வெளியிலிருந்து பூட்டிய பாதை வழியாக உள்ளே வரும் விபிஎன் போதும். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை (இந்தப் போர்ட் துளை அல்ல, இணைப்பு உள்ளே வரும் வாசலின் எண்) நேராக வெளியே திறந்துவிடாதீர்கள். எண்ணை மாற்றிவிட்டால் தெரியாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்ப்பது இயந்திரம், அதற்கு அலுப்பு கிடையாது. ரவுட்டரில் யுபிஎன்பி இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்கும் வசதி அது.

பயனர் கணக்குகள் ஒரே இடத்தில் இருக்கட்டும், ஆளுக்கொரு லாகின். ஒருவர் விலகினால் அந்த ஒரு இடத்தில் மூடினால் போதும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் யார் போனாலும் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே யாரும் மாற்றுவதில்லை.

பேக்கப்பில் ஒரு பிரதியாவது எந்த வயரிலும் இல்லாமல் கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும். எப்போதும் இணைந்தே இருக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

கடைசியாக, என்னைப் போன்றவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியவை: எந்த வயர் எங்கே போகிறது என்ற வரைபடம், பகுதிகளின் பட்டியல், ரவுட்டர் மற்றும் சுவிட்சின் அட்மின் பாஸ்வேர்டு. இவை உங்கள் அலமாரியில் இருக்க வேண்டும். தர மறுப்பவருக்குப் பாக்கித் தொகையை அதுவரை நிறுத்தி வையுங்கள்.