பத்து நம்பர் பாத்துட்டு பேட்டர்ன்னு ஓடி வராதீங்கப்பா

இந்த மாசத்துல இது மூணாவது ஆளு. கோடிங் போட்டிக்கு டிரெய்னிங் எடுக்குறவன் நான், அதனால இந்த சண்டை எனக்கு தினமும் உண்டு. கணக்கு சிம்பிள்: ஒரு குவியல் கல், ரெண்டு பேர் மாத்தி மாத்தி 1, 4, 9, 16னு வர்க்க எண்ணுல மட்டும் எடுக்கணும், கடைசிக் கல்லை எடுக்குறவன் ஜெயிச்சான். தம்பி நோட்டை நீட்டுறான், தோக்குற பொசிஷன் (இத்தனை கல் இருக்கும்போது யாரோட முறையோ, அவன் தோப்பான்) எல்லாம் வரிசையா 0, 2, 5, 7, 10, 12, 15, 17, 20, 22. "அஞ்சால வகுத்தா மீதி 0 இல்ல 2 சார், ஒரே வரில கோடு முடிஞ்சது." சரி, 25? "தோக்கும் சார்." டேய், 25 கல்லையும் ஒரே கையில அள்ளிட்டுப் போயிருவானே!

பத்து நம்பர் பொருந்துனா அது ரூல்னு யாருப்பா சொன்னது? அது ஏன் பொருந்துச்சுன்னு பாருங்க. 1, 4, 9, 16 எதை அஞ்சால வகுத்தாலும் மீதி 1 இல்ல 4தான், அதனால மீதி 0, 2 ரெண்டுக்கும் நடுவுல தாவவே முடியல. மீதியே இல்லாத முதல் வர்க்கம் 25, அது வந்ததும் எல்லாம் காலி. 22க்கு அப்புறம் 34, 39, 44, 52. சைக்கிள், அதாவது ஒரே பேட்டர்ன் குறிப்பிட்ட நீளத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வர்றது, இருக்கும்னு இன்னமும் அடம்பிடிக்கிறவங்களுக்கு: நீளம் 7னு வைங்க, அப்போ தோக்குற ஒரு எண்ணோட 49 கூட்டுனாலும் தோக்கணும், ஆனா 49 கல்லை எடுத்து எதிராளியை அங்க உக்கார வெச்சிரலாமே. 7க்குப் பதிலா எதைப் போட்டாலும் இதே கதிதான். (கணித ஆராய்ச்சியாளர் கோலம்ப் 1966லயே இந்த மாதிரி ஆட்டங்களை அலசி எழுதிட்டாரு, நம்மாளுங்க இன்னும் மீதி பாத்துட்டு இருக்காங்க.)

எடுக்குற எண்ணிக்கை 1, 3, 4 மாதிரி லிமிட்டா இருந்தா சைக்கிள் கண்டிப்பா வரும், இதுக்கு தோக்குற எண்ணு 0, 2, 7, 9னு ஏழு ஏழா போகும். அப்பவும் கண்ணால பாத்து நம்பாதீங்க. எடுக்கக்கூடிய பெரிய எண் 4ன்னா, ஒவ்வொரு எண்ணுக்கும் ஜெயமா தோல்வியான்னு 0ல இருந்து எழுதுற டேபிள்ல அடுத்தடுத்த நாலு கட்டம் முன்ன வந்த ஒரு நாலு கட்டம் மாதிரியே அச்சு அசலா திரும்பி வரணும், அதுக்கப்புறம் கையெழுத்து போடுங்க. மத்தபடி தயவு செஞ்சு டேபிளையே போடுங்க, ஒரு லட்சம் வரைக்கும் போட்டாலும் மெஷினுக்கு அது ஒரு வேலையே இல்ல.

தம்பி நேத்து 34ஐ கையாலயே போட்டுப் பாத்துட்டு வந்தான். 33, 30, 25, 18, 9, எங்க போனாலும் எதிராளிக்குத்தான் ஜெயம்.