கம்மி கரண்ட்தானே, டாக்டர்?

அல்சூரிலிருந்து ஓர் அம்மா, நீட் தேர்வுக்குப் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனின் நெற்றியில் இரண்டு பக்கமும் தோல் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஆன்லைனில் வாங்கிய பட்டையாம். தலையில் மாட்டி, தினமும் 20 நிமிடம் மின்சாரம் கொடுத்தால் படித்தது மறக்காதாம். பட்டையில் தோலைத் தொடும் பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைக்கப் பொறுமையில்லாமல் காய்ந்தபடியே மாட்டியிருக்கிறான். "கம்மி கரண்ட்தானே, டாக்டர்? 9 வோல்ட் பேட்டரிதானே?" என்றார் அம்மா. பெங்களூரில் இந்தக் கேள்வியைத் தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கம்மிதான். 1 அல்லது 2 மில்லி ஆம்பியர். அதிலும் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே போய்விடுகிறது. ஆனால் பஞ்சு காய்ந்திருந்தால் அந்தக் கொஞ்சமும் ஒரே புள்ளியில் குவிந்து தோலைச் சுட்டுவிடும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பொறுக்காதது. "அமெரிக்காவுல 15 சதவீதம் ஞாபக சக்தி ஏறுதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்களே!" வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுவார்கள். செய்தி உண்மை. 2018-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கஹானாவின் குழு வெளியிட்ட ஆய்வு அது. யாரிடம் செய்தார்கள் என்பதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் 25 பேர். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, அவர்கள் மண்டையோட்டுக்குள் ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்து எலெக்ட்ரோடு (மின்முனை) வைத்திருந்தார்கள். மண்டையோட்டுக்கு உள்ளே. நெற்றிமேல் இல்லை. அவர்களிடம் சொற்பட்டியல் ஒன்றைக் காட்டி, மூளையின் அலைகளைக் கம்ப்யூட்டர் படித்து, இந்தச் சொல் மனதில் நிற்காது என்று தோன்றிய நொடியில் மட்டும் இடது பக்கப் பொட்டு மடலை (காதுப் பக்கமாக இருக்கும் மூளைப் பகுதி) மின்சாரத்தால் தூண்டினார்கள். கூடியது அந்தச் சொற்களை நினைவுகூர்வது. பையனின் ரேங்க் இல்லை.

உள்ளே வைத்தாலும் எல்லா இடமும் ஒன்றில்லை. 2016-இல் வந்த இன்னோர் ஆய்வில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸையே நேரடியாகத் தூண்டியபோது ஞாபகம் குறைந்தது! இதற்குப் பிறகும் இந்தப் பட்டையை நம்புகிறீர்களா?

வெளியிலிருந்து தூண்டிப் பலன் கண்ட ஆய்வும் உண்டு, மறைக்கவில்லை. 2022-இல் பாஸ்டனில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நான்கு நாள் கொடுத்ததன் பலன் ஒரு மாதம் நின்றது. அது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஏறி இறங்கும் மின்சாரம், ஆய்வாளர் பக்கத்தில் இருந்து கொடுத்தது. பேட்டரிப் பட்டையில் வருவது நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் ஓடுவது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதே நேர்மின்சாரத்தைச் சோதித்தபோது, தலையில் ஓரிடத்தில் கொடுத்தால் புதிதாகக் கற்பது வேகமானது, கற்றதைத் தானாகச் செய்யும் லாகவம் குறைந்தது. இன்னோரிடத்தில் அப்படியே தலைகீழ். வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள் என்று 2016-இல் இந்தத் துறை ஆய்வாளர்களே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

(பாட்டிமார் கேட்கும் "ஷாக் வைக்கறது" இதுவல்ல. அது கடுமையான மனநோய்க்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை. அதில் ஞாபகம் கொஞ்ச காலம் மங்கவே செய்யும்.)

18 வயதுக்குக் கீழ் என்றால் வேண்டாம். வலிப்பு வந்திருந்தால், தலைக்குள் உலோகம் இருந்தால், பேஸ்மேக்கர் இருந்தால் தொடவே கூடாது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வேறு சிகிச்சைக்காக மருத்துவமனையில் கொடுத்தால் அது வேறு கதை.

அப்புறம், பெரியவர்கள் விஷயம். மல்லேஸ்வரத்தில் ஒருவர், சைவம், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பெயர்கள் மறந்துபோகிறது என்று மகள் பட்டை ஆர்டர் செய்துவிட்டார். பார்த்தால் வைட்டமின் பி12 தரைமட்டம் (சைவ உணவிலும் அந்த மாத்திரையாலும் அது குறையலாம்), ஊசியில் சரியாகிற சமாச்சாரம். தயவுசெய்து முதலில் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தூக்கம் எப்படி, தூக்க மாத்திரை போடுகிறாரா, மனம் சோர்ந்திருக்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டித் தோல் வெந்திருந்தால் டூத்பேஸ்ட் பூசாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். வரும்போது அந்தக் கருவியையும் கொண்டு வாருங்கள், எங்கே எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.