சோலார் பெனலுக்கு ஆறு இலட்சம் ரூபா வரி நிவாரணம்: கையொப்பமிடும் முன்

திருகோணமலை மாவட்டத்தில் உவர்மலை முதல் நிலாவெளி வரை வீடு வீடாக ஏறி இறங்கும் சில சோலார் முகவர்கள், "ஆறு இலட்சத்தை அரசாங்கம் வரியில் திருப்பித் தரும்" என்று சொல்லியே ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள். அப்படி எந்தப் பணமும் வராது. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டம், சோலார் பெனலுக்கான செலவை, அல்லது அதற்காகப் பெற்ற வங்கிக் கடனுக்குச் செலுத்திய தொகையை, ஆண்டுக்கு 600,000 ரூபா வரை வருமானத்திலிருந்து கழிக்க மட்டுமே இடமளிக்கிறது.

2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம் ரூபா வரையான ஆண்டு வருமானத்துக்கு வரியே இல்லை என்பதால், மாதம் ஒன்றரை இலட்சம் வாங்கும் ஆசிரியருக்கு இந்நிவாரணத்தால் ஒரு சதமும் மிஞ்சாது. இரண்டரை இலட்சம் வாங்குபவரின் ஆண்டு வரி 96,000 ரூபாவிலிருந்து 36,000 ஆகக் குறையும். அதாவது அவருக்கு மிஞ்சுவது 60,000 ரூபா. இந்தக் கணக்கை முகவர் போட்டுக் காட்டமாட்டார்.

பலர் மாட்டிக்கொள்வது இணைப்பில்தான். பெனல் தேசிய மின்கட்டமைப்புடன் இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம்; ஆகவே பற்றரியோடு தனித்து இயங்கும் தொகுதிக்கு நிவாரணம் இல்லை. ஆனால் முகவர் முழுப்பணத்தையும் வாங்கிக் கூரையில் பெனலைப் பூட்டிய பின்னரே, மின்மாற்றியில் கொள்ளளவு இல்லை என்ற பதில் சிலருக்குத் தெரியவருகிறது. அதன் பிறகு மின்சார அலுவலகத்தில் "அந்த ஐயா லீவு, அடுத்த கிழமை வாங்கோ" என்ற அலைச்சல் தொடங்குகிறது. மீற்றர் மாறுவதற்குள் மார்ச் 31 கடந்து வரியாண்டே முடிந்துவிடும். கடற்காற்றில் சட்டகத்தின் ஆணிகள் துருப்பிடிக்க, வங்கித் தவணை மட்டும் தவறாமல் வரும். மின் விநியோக நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் பார்க்கும்வரை முற்பணத்துக்கு மேல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பெயர். போரிலும் சுனாமியிலும் காணி உறுதிகளைத் தொலைத்த இம்மாவட்டத்தில், மின்பட்டியல் இறந்துபோன தகப்பனாரின் பெயரிலேயே இன்றும் வரும் வீடுகள் உண்டு. பெயர் மாற்றத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகம் என்று அலைய நேரலாம் என்பதால், அதை முதலில் முடியுங்கள். வரி கட்டுபவர் மனைவியாயின் பற்றுச்சீட்டும் கடனும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். கணவர் பெயரில் கடன் எடுத்துவிட்டு மனைவியின் வரியில் கழிக்கக் கேட்பது வீண்வேலை. சட்டம் வங்கி என்றே குறிப்பிடுவதால், லீசிங் கம்பனிக் கடனை நம்பி இந்நிவாரணத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும் நிறுவனம் இந்நிவாரணத்தைக் கணக்கில் எடுக்காது. ரின் (TIN) எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற்று, பிடித்த வரியைக் காட்டி நிறுவனம் தரும் ரி-10 (T-10) சான்றிதழுடன் நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டைச் சமர்ப்பித்து, கூடுதலாகப் பிடித்ததை நீங்களே கேட்டுப் பெற வேண்டும். இதற்கும் காகிதம் போதவில்லை என்று திருப்பியனுப்பக்கூடும். என்ன காகிதம் குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொன்றின் பிரதியிலும் திகதி முத்திரை இல்லாமல் கருமபீடத்தை விட்டு நகராதீர்கள்.