195 கிலோ புல்லட்டை ஒரே ஆள் தூக்க முடியுமா?

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து 195 கிலோ. நேராக நிற்கும்போது அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போன் பேசலாம். அதே வண்டி கீழே விழுந்து கிடந்தால் இரண்டு பேர் சேர்ந்து திணறுகிறார்கள். எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. மாறியது கோணம் மட்டும்தான்.

வண்டியின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். அதுதான் புவியீர்ப்பு மையம். இந்த ரக வண்டியில் அது தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வண்டி நேராக நின்றால் அந்தப் புள்ளி டயருக்கு நேர் மேலே இருக்கிறது. எடையை எல்லாம் டயரே தரையில் இறக்கிவிடுகிறது, நமக்கு வேலை இல்லை. சாயச் சாயப் புள்ளி பக்கவாட்டில் விலகுகிறது. எவ்வளவு தூரம் விலகுகிறதோ அந்த அளவுக்கு வண்டியைக் கீழே தள்ளும் திருப்பு விசை ஏறுகிறது.

ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறீர்கள் என்றால், 5 டிகிரி சாய்வில் கையில் விழுவது சுமார் 9 கிலோ. 10 டிகிரியில் 19 கிலோ. 20 டிகிரியில் 37, 30 டிகிரியில் 54. இதுவும் சாய்ந்த நிலையில் அசையாமல் பிடித்திருந்தால்தான். விழ ஆரம்பித்த வண்டி வேகத்தோடு வருவதால், நிறுத்துவதற்கு இன்னும் அதிக விசை வேண்டும். அதனால் முதல் பத்து டிகிரிக்குள் பிடித்தால் பிடித்ததுதான். அதைத் தாண்டினால் கையை விட்டுவிட்டு விலகுங்கள். லீவரும் இண்டிகேட்டரும் கடையில் கிடைக்கும். தோள்பட்டைத் தசை கிழிந்தாலோ, சூடான சைலன்சருக்கு அடியில் கால் மாட்டினாலோ அப்படி இல்லை.

பெரும்பாலும் வண்டி விழுவது ஓட்டும் வேகத்தில் அல்ல, பார்க்கிங்கிலும் யூ-டர்னிலும்தான். ஓடும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஹேண்டில் அதே பக்கம் லேசாகத் திரும்புகிறது, சக்கரங்கள் புவியீர்ப்பு மையத்துக்கு அடியில் மறுபடி வந்து சேர்கின்றன. சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது, அந்தக் கைரோ விளைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த விளைவே இல்லாமல் தானாக நிலைத்து ஓடும் சைக்கிள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். சாயும் பக்கம் திரும்புவதுதான் முக்கியம். ஆனால் திரும்புவதால் கிடைக்கும் பலன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் 36-இல் ஒரு பங்குதான் 5 கிலோமீட்டரில் கிடைக்கும். அதனால்தான் மெதுவாகப் போகும்போது ஹேண்டிலை அந்த ஆட்டு ஆட்ட வேண்டியிருக்கிறது.

யூ-டர்னின் நடுவில் பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடித்தால், சாய்வைத் தாங்கிக்கொண்டிருந்த வேகம் போய்விடும், சாய்வு அப்படியே இருக்கும். அடுத்த நொடி வண்டி தரையில். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். ஹாஃப் கிளட்ச், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர், காலில் லேசாகப் பின் பிரேக், இதுதான் சரி.

சரி, விழுந்துவிட்டது. கிராஷ் கார்டு மேல் சுமார் 60 டிகிரியில் கிடக்கிறது. அதை நிமிர்த்தத் தேவையான மொத்த ஆற்றல் 525 ஜூல்தான். 70 கிலோ மனிதர் நாலைந்து படி ஏறினால் அவ்வளவு செலவாகிவிடும். ஆக, உடம்பில் சக்தி இல்லாதது பிரச்சினை இல்லை. தூக்கத் தொடங்கும் கணத்தில் ஹேண்டில் முனையில் 90 கிலோவுக்கு மேல் விசை தேவைப்படுவதுதான் பிரச்சினை.

எல்லோரும் முதலில் செய்வது வண்டியைப் பார்த்துக் குனிந்து இழுப்பது. அப்போது சுமை முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் தள்ளி இருக்கும். அதை எதிர்த்து இழுக்கும் முதுகுத் தசைகளோ எலும்பிலிருந்து 5, 6 செ.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. சுமையைப்போல் எட்டு மடங்கு அவை இழுத்தாக வேண்டும், அந்த அழுத்தம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் வட்டுகளில் (டிஸ்க்) விழுகிறது. கணக்குப்படி 700 கிலோவைத் தாண்டும். சுமை தூக்கும் தொழிலாளர்களின் வட்டுகளில் விழும் அழுத்தத்துக்கு, அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்த வரம்பு 3,400 நியூட்டன், அதாவது 350 கிலோவுக்கும் குறைவு. முதுகு பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

வண்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவதுதான் வழி. முதலில் இன்ஜினை அணைத்து, கியரைப் போடுங்கள், வண்டி உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இப்போதே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி உங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழும். ஹேண்டிலை விழுந்த பக்கமே முழுசாகத் திருப்பினால் கைப்பிடி உங்கள் இடுப்புக்கு அருகில் வரும். பின்பக்கத்தைச் சீட்டின் ஓரத்தில் பதித்து, ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும் இன்னொரு கையால் பின்னால் உள்ள கம்பியையோ சட்டத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். கை மடங்காமல், முதுகு வளையாமல், தொடையால் எழுந்திருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. படுத்திருக்கும் வண்டி முதலில் நகர வேண்டிய திசை பெரும்பாலும் மேல்நோக்கி. நிமிர நிமிர அந்தத் திசை பக்கவாட்டுக்கு மாறுகிறது. அதனால் முதலில் எழுந்து, அப்புறம் குதிகாலால் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். ஹேண்டில் முனையைவிடச் சீட்டு டயருக்குப் பக்கத்தில் இருப்பதால் விசை கொஞ்சம் கூடத்தான் வேண்டும். ஆனால் அதைக் கொடுப்பது உடம்பிலேயே பெரிய தசைகள். பாதி தூரம் வந்துவிட்டால் சுமை மளமளவென்று குறைவதை இடுப்பே சொல்லும். ஒல்லியான பெண்கள் தனியாகப் பெரிய வண்டிகளைத் தூக்குவது இப்படித்தான். வண்டி விற்கும் இடத்திலேயே இதைப் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரிவில் விழுந்து, சக்கரம் மேட்டிலும் ஹேண்டில் பள்ளத்திலும் இருந்தால் இந்த முறையும் உதவாது. வண்டியைத் தரையோடு இழுத்துத் திருப்பி, சக்கரங்களைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்த பிறகே தூக்குங்கள். சரளைக் கல்லில் டயர் வழுக்கும், யாராவது டயருக்குக் கால் கொடுத்தால் போதும்.

நிமிர்த்தியதும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோல் வாசனை போகட்டும், கிளட்ச், பிரேக் லீவர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். படுத்திருந்த நேரத்தில் ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் போயிருந்தால், ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும். அது அடங்காவிட்டால் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.