ஃபீடைக் குறைத்தால் டிரில் பிழைக்காது

போன வாரம் எங்கள் பட்டறையில் ஒரே மதியத்தில் மூன்று 10 மில்லிமீட்டர் டிரில் போய்விட்டன. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில்கள். மூன்றுக்கும் முனை மழுங்கி, நீலம் பாய்ந்திருந்தது. ஜாப், 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஃபிளேஞ்ச், அதாவது குழாய்களை இணைக்கும் வளையத் தட்டு. பழகவந்த தம்பியிடம் கேட்டேன். "எம்.எஸ்.ஸுக்கு (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) வைக்கிற 800 ஆர்.பி.எம்.தான் அண்ணே. கெட்டியா இருந்துச்சு, அதான் பயந்து மெதுவா இறக்கினேன்."

தப்பு அவர் மேல் இல்லை. கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆர்.பி.எம். வேறு, வெட்டுவேகம் வேறு. டிரில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது ஆர்.பி.எம். டிரில்லின் விளிம்பு ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் உலோகத்தின் மேல் ஓடுகிறது என்பதே வெட்டுவேகம். அதை 318ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வந்துவிடும். எம்.எஸ்.ஸில் ஹெச்.எஸ்.எஸ். டிரில்லுக்கு 25 மீட்டர் வைக்கலாம். 10 மில்லிக்கு 800 சரிதான். 304க்கு 12 மீட்டர் போதும், அதாவது சுமார் 380. அவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறார். ஹெச்.எஸ்.எஸ்.ஸில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினாலே டூலின் ஆயுள் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். இரண்டு மடங்கென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தந்தது அந்த 'மெதுவா'தான், அதாவது ஃபீடை (டிரில் உள்ளே இறங்கும் வேகத்தை) குறைத்தது. 304 தேய்க்கத் தேய்க்க இறுகும் உலோகம். முனை வெட்டாமல் உரசினால் துளையின் அடிப்பரப்பு கெட்டியாகிவிடும், அடுத்த சுற்றில் அந்தக் கெட்டித் தோலைத்தான் டிரில் வெட்டியாக வேண்டும். பயந்து இன்னும் மெதுவாக இறக்கினால் இன்னும் இறுகும்.

ஃபீடை ஒரு சுற்றுக்கு 0.12 மில்லி என்று வையுங்கள். 380 சுற்றுக்கு நிமிடத்துக்கு 45 மில்லி. கைப்பிடியில் இறக்குபவருக்கு இந்த எண் பிடிபடாது, அதனால் இப்படிச் சொன்னேன்: 15 மில்லி தடிமனை 20 விநாடியில் கடக்க வேண்டும். சுருள் வரணும், தூள் வந்தால் உரசுகிறது என்று அர்த்தம். நடுவில் நிறுத்துவதானால் டிரில்லை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். சுற்றவிட்டபடி அடியில் நிற்கக் கூடாது. கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) தாராளமாக ஓடட்டும். ஃபிளேஞ்ச் கட்டாயம் கிளாம்பில் இருக்கட்டும், கையில் கிளவுஸ் வேண்டாம்.

மில்லிங்கிலும் (சுழலும் பல் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவதிலும்) இதே கணக்குதான், ஒரு பல்லுக்கான ஃபீடைப் பல்லின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும், அவ்வளவே. நாலு பல் எண்ட் மில்லை (மில்லிங் கட்டரை) கழற்றி இரண்டு பல் போட்டுவிட்டு, ஃபீடை மாற்றாமல் ஓட்டினால் ஒவ்வொரு பல்லுக்கும் சுமை இரட்டிப்பாகும். எண்ட் மில் படக்கென்று முறிவதை நான் பார்த்தது பெரும்பாலும் இப்படித்தான்.

மறுநாள் 380ல், 20 விநாடி கணக்கில் அதே தம்பி ஓட்டினார். மிச்சமிருந்த ஃபிளேஞ்சுகள் அத்தனையும் நாலாவது டிரில்லிலேயே முடிந்தன.